மீட்டர் எங்கிருந்து எண்ணுகிறது?

பழைய வண்டியை விற்க மனசு வராதவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கீரனூரிலும் உண்டு. நான் சொல்வது பழனி வட்டாரத்துக் கீரனூர். புதுக்கோட்டைக் கீரனூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். தோட்டத்து ஜீப், அப்பா காலத்து புல்லட், கல்யாணத்துக்கு மட்டும் வெளியே வரும் அம்பாசிடர் என்று வைத்திருப்பவர்கள், ஒரு கட்டத்தில் கியர்பாக்ஸை மாற்றிவிடுகிறார்கள். மூன்று கியர் இருந்த இடத்தில் நாலோ ஐந்தோ வருகிறது. வண்டி நன்றாகப் போகிறது. ஒரு மாதம் கழித்து இப்படி ஒரு பேச்சு வரும்:

"ஏனுங்ணா, கியர்பாக்ஸ் மாத்துனதுல இருந்து ஸ்பீடாமீட்டர் கம்மியாக் காட்டுதுங்களே?"

"அதுக்கென்ன தம்பி, முள்ளைக் கழட்டி ரெண்டு கோடு தள்ளி வச்சிட்டாப் போச்சு."

இந்த வைத்தியம் பலிக்காது. ஏன் என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

ஸ்பீடாமீட்டருக்குள் இரண்டு கருவிகள் குடியிருக்கின்றன. ஒன்று, கிலோமீட்டர் ஓடும் எண் சக்கரங்கள். கேபிள் இத்தனை சுற்று சுற்றினால் ஒரு கிலோமீட்டர் என்று பல்லோடு பல் சேர்ந்து எண்ணிக்கொண்டே போகும் வெறும் கணக்கு அது. மற்றது, வேகம் காட்டும் முள். கேபிளின் நுனியில் ஒரு காந்தம் சுழலும். அதைத் தொடாமல் ஓர் அலுமினியக் கிண்ணம் மூடியிருக்கும். காந்தம் சுழலச் சுழல, கிண்ணத்தில் மின்சாரம் சுழித்து அதையும் கூடவே இழுக்கும். மயிரிழை போன்ற ஒரு சுருள்வில் அதைத் தடுத்து நிறுத்தும். இழுப்பும் தடுப்பும் சமமாகிற இடத்தில் முள் நிற்கும். ஓட்டோ ஷூல்ட்சே என்ற ஜெர்மானியர் 1902-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். நூறு வருஷத்துக்குப் பிறகும் கேபிள் மீட்டர் பெரும்பாலும் அவர் வழியில்தான் ஓடுகிறது. நம் பக்கத்திலேயே கோயம்புத்தூரில் பிரிக்கால் கம்பெனி 1970-களிலிருந்து இந்த மீட்டர்களைச் செய்கிறது. உங்கள் வீட்டு வண்டியின் மீட்டரைத் திருப்பிப் பார்த்தால் அந்தப் பெயரே இருக்கலாம்.

முள்ளை மட்டும் தள்ளி வைத்தால் என்ன ஆகும்? எண் சக்கரம் பழைய பொய்யையே எண்ணும். முள்ளும் ஒரே ஒரு வேகத்தில்தான் சரியாக நிற்கும். அறுபதில் சரிசெய்தால் முப்பதில் தப்பும். வண்டி நின்றபிறகும் ஐந்தில் நிற்கும் முள்ளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

சரி, கியர்பாக்ஸ்தான் குற்றவாளியா? அதற்கு, மீட்டர் எங்கிருந்து எண்ணுகிறது என்று பார்க்கவேண்டும்.

புல்லட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டோடு தொடங்கித் திருவொற்றியூரில் உருவான வண்டி. வலது காலில் நாலு கியர் போட்டுப் பழகியவர்கள், பிறகு ஐந்து கியர் பெட்டிக்கு மாறினார்கள். மீட்டரில் ஒன்றும் ஆகாது. காரணம், கேபிள் வருவது முன்சக்கரத்திலிருந்து. பின்னால் எத்தனை கியர் இருந்தாலும், செயின் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் கூட்டினாலும், முன்சக்கரத்துக்கு அது தெரியாது. முன் டயரின் அளவை மாற்றினால் மட்டும்தான் மீட்டர் மாறும்.

அம்பாசிடர் கதை வேறு. ஹேண்ட் கியர் போட்ட பழைய வண்டியில் இசுசு ஐந்து கியர் பெட்டியை ஏற்றுகிறவர்கள் உண்டு. இங்கே கேபிள் கியர்பாக்ஸின் வாலிலிருந்தே கிளம்புகிறது. அந்தப் பெட்டி பிறந்த வண்டியின் டயர் வேறு, கிரவுன் பினியன் வேறு. அந்த வண்டிக்கென்று வைத்த மீட்டர் பல்லும் பெட்டியோடு சேர்ந்தே வருகிறது. அதனால் இங்கே பெட்டியைக் குறை சொல்லலாம்.

சுவாரசியமானது ஜீப்தான். வில்லிஸ் வழி வந்த நாலு சக்கர இழுவை ஜீப்பில் மீட்டர் கேபிள் கியர்பாக்ஸைத் தொடுவதே இல்லை. அதற்குப் பின்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில், பின்சக்கரத்துக்குப் போகும் தண்டில் கோத்த புழுப்பல்லிலிருந்து வருகிறது. முன்னால் மூன்று கியரோ ஐந்து கியரோ, அந்தத் தண்டு ஒரு கிலோமீட்டருக்குச் சுற்றும் சுற்று ஒன்றுதான். ஆனாலும் கியர்பாக்ஸ் மாற்றிய ஜீப்பில் மீட்டர் தப்பாகக் காட்டுகிறது. ஏன்? பெட்டியை இறக்கியதோடு யாரும் நிறுத்துவதில்லை. பழனி–திண்டுக்கல் ரோட்டில் கொஞ்சம் ஓடட்டும் என்று கிரவுன் பினியனையும் மாற்றி, பெரிய டயரையும் போடுகிறார்கள். பழி மட்டும் கியர்பாக்ஸ் மேல்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ராணுவ வில்லிஸ் ஜீப்பின் ஆக்ஸில் விகிதம், அதாவது கிரவுன் பினியன் விகிதம், 4.88. பின்னால் வந்த ஆரம்பகாலச் சி.ஜே. ஜீப்புகளுக்கு 5.38. அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, தண்டு ஐந்தே கால் சுற்றுக்கும் கூடுதலாகச் சுற்ற வேண்டும். 5.38 இருந்த வண்டியில் 4.88 போட்டால் தண்டின் சுற்று குறைகிறது. நீங்கள் உண்மையில் பத்து கிலோமீட்டர் போனால் மீட்டர் ஒன்பது புள்ளி ஒன்றுதான் காட்டும். அறுபதில் போனால் முள் ஐம்பத்து நாலில் நிற்கும். எண்ணும் முள்ளும் ஒரே அளவில் குறைகின்றன, கவனியுங்கள். ஒரே அளவில் இரண்டும் தப்பினால் கோளாறு பல்லில். எண் சரியாக இருந்து முள் மட்டும் தப்பினால் கோளாறு மீட்டருக்குள். முள் ஆடினால் கேபிள் காய்ந்திருக்கிறது, இல்லை மடிந்திருக்கிறது. முள் பூஜ்யத்துக்கும் கீழே இடித்துக்கொண்டு நின்றால் கேபிள் எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறது. வேறு வண்டிப் புழுப்பல் வந்து உட்கார்ந்திருக்கிறது.

பல மைல்கற்களில் பாதி எழுத்து போயிருக்கும். ஆனாலும் மீட்டர் எவ்வளவு தப்புகிறது என்று சோதிக்க அவைதான். மஞ்சள் தலை தேசிய நெடுஞ்சாலை, பச்சைத் தலை மாநில நெடுஞ்சாலை. பைபாஸ் போட்ட இடங்களில் ஒரு கல்லை மட்டும் நம்பாதீர்கள். பத்துக் கல்லாவது ஓடுங்கள். காற்றை முதலில் சரியாக ஏற்றிக்கொள்ளுங்கள். வேகத்துக்கு, ஒரே வேகத்தில் ஓட்டியபடி பக்கத்தில் இருப்பவரை ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை வினாடி என்று பார்க்கச் சொல்லுங்கள். 3600-ஐ அந்த வினாடியால் வகுத்தால் உண்மையான வேகம். செல்போனில் இருக்கும் ஜி.பி.எஸ்.ஸும் நேர்ரோட்டில் நன்றாகவே சொல்லும். கொடைக்கானல் மலைப்பாதை வளைவுகளில் அதை நம்பிச் சண்டை போடவேண்டாம்.

இப்போது திருத்தம். கேபிள் நுழையும் இடத்தில் இருக்கும் திருகைக் கழற்றினால், கியர் ஆயில் சொட்ட, சுண்டுவிரல் பருமனில் ஒரு சின்னப் பல்சக்கரம் கையோடு வரும். சிலவற்றில் இரும்பு, சிலவற்றில் வெள்ளை நைலான். பல்லை எண்ணுங்கள். அந்த எண்ணை மீட்டர் காட்டிய கிலோமீட்டரால் பெருக்கி உண்மையான கிலோமீட்டரால் வகுத்தால், போடவேண்டிய பல் கிடைக்கும். பதினைந்து பல் என்றால், 15 பெருக்கல் 9.1, வகுத்தல் 10. விடை 13.65. பல் குறைந்தால் கேபிள் வேகமாகச் சுற்றும்.

பதிமூன்றரைச் சொச்சம் பல்லில் சக்கரம் கிடையாது, இதுதான் தொழிலின் தொல்லை. பதினாலு போட்டால் பத்து கிலோமீட்டருக்கு 9.7 வரும். பதிமூன்று போட்டால் 10.5 காட்டும். நான் பதினாலுதான் போடுவேன். பல் எண்ணிக்கை மாறினால் சக்கரத்தின் பருமனும் மாறும் என்பதால், அதைத் தாங்கும் உறையும் அதற்கேற்றதாக இருக்கவேண்டும். இல்லையென்றால் நைலான் பல் சீக்கிரமே தேய்ந்து பொடியாகிவிடும். உள்ளூரில் கிடைக்காவிட்டால் சென்னை புதுப்பேட்டையில் தேடலாம். அங்கேயும் இல்லையென்றால், கேபிள் வழியில் இடையே பொருத்தும் சின்ன விகிதப் பெட்டியைச் செய்துகொள்ளலாம். லேத்துக்காரருக்குப் பொறுமை இருக்கவேண்டும்.

இந்தத் திருத்தம் பணக் கணக்கும்தான். குறைவாக எண்ணும் மீட்டரை வைத்துக்கொண்டு, 'டீசல் நிறையக் குடிக்குது' என்று இன்ஜினைப் பிரித்தவர்கள் இருக்கிறார்கள். லிட்டருக்குப் பத்து கொடுக்கும் வண்டி ஒன்பது கொடுப்பதாகத் தோன்றும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய் ஏற்றிக் கிலோமீட்டர் கணக்கில் வாடகை வாங்குகிறவருக்கு அது நேரான நஷ்டம்.

கடைசியாக முள். 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஸ்பீடாமீட்டருக்கென்றே 117-ஆவது விதி இருக்கிறது. பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. 39-ஆம் ஒழுங்குமுறை என்ன சொல்கிறதென்றால், முள் உண்மை வேகத்துக்குக் கீழே ஒருபோதும் காட்டக்கூடாது. மேலே, உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதோடு நாலு கிலோமீட்டரும் வரை காட்டலாம். அறுபதில் போகும்போது எழுபது வரை காட்டலாம் என்று அர்த்தம். புது வண்டியில் ஜி.பி.எஸ். ஐம்பத்தாறு சொல்லும்போது முள் அறுபதில் நிற்பது கம்பெனி வேண்டுமென்றே வைத்தது. எண் சக்கரத்துக்கு அப்படி உபரி தேவையில்லை. அதனால் பல்லை எண் சக்கரத்தை வைத்தே தேர்ந்தெடுங்கள். பதினாலு பல் போட்ட நம் ஜீப்பில், அறுபதில் போகும்போது முள் ஐம்பத்தெட்டில் நிற்குமே, அந்தக் குறையை மட்டும் மீட்டர் மெக்கானிக்கிடம் கொடுத்துச் சுருள்வில்லில் சரிசெய்யச் சொல்லுங்கள். அறுபத்திரண்டு காட்டும்படி வைத்துக் கொடுத்தால் போதும்.