திரை இருண்டது, கணக்கு போகவில்லை

(நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கணினி பற்றிப் பேச ஓய்வு பெற்ற வங்கி கிளார்க்கை ஏன் கூப்பிட்டார்கள் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். காரணம் எளிது. நம் சங்க அலுவலகக் கணினியைக் கெடுத்தவன் நான். அதைச் சரி செய்தவனும் நான். இரண்டையும் சொன்னால் உங்களுக்குப் பயன்படும்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தன் வழக்கமான ஆதரவை நிறுத்தியது உங்களுக்குத் தெரியும். நம் அலுவலகக் கணினி பழையது. விண்டோஸ் 11-ஐ ஏற்கவில்லை. புதியது வாங்கச் சங்கப் பணத்தைச் செலவிட வேண்டாம் என்று அதில் லினக்ஸ் மின்ட் போட்டோம். கணக்கு, கடிதம், ரசீது எல்லாம் ஒழுங்காக நடந்தன. ஒரே குறை, வீடியோ விட்டு விட்டு ஓடியது. பொதுக்குழுவில் பொங்கல் விழா வீடியோவைக் காட்ட வேண்டும் என்று பேச்சு. அதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, கிராபிக்ஸ் கார்டுக்குச் சரியான டிரைவர் போட்டால் தீர்ந்துவிடும் என்று நான் உட்கார்ந்தேன்.

டிரைவர் என்பது ஒரு மொழிபெயர்ப்பாளர் மாதிரி. லினக்ஸ் சொல்வதைத் திரைக்குப் படம் அனுப்பும் கார்டுக்குப் புரியவைப்பது அதன் வேலை. நம்முடையது பழைய என்விடியா கார்டு. விண்டோஸில் செய்து பழகியபடி, தயாரிப்பாளரின் தளத்துக்குப் போய் இருப்பதிலேயே புதிய டிரைவரை இறக்கினேன். போடும்போது ஒரு எச்சரிக்கை வந்தது. உங்கள் கார்டுக்கு உரியது பழைய வரிசை டிரைவர் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. நான் படிக்காமல் மேலே போகச் சொல்லி அழுத்தினேன். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள் என்று கவுன்டரில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்!

மறுபடி இயக்கியதும் திரை இருட்டு. பொருளாளர் அம்மா வந்து, "என்ன சார், கணக்கெல்லாம் இருக்கா?" என்று கேட்டார். "சின்ன ரிப்பேர்தாம்மா, நாளைக்குச் சரியாயிடும்" என்றேன். உண்மையில் எனக்குத் தெரியாது. ஒரு வருடத்துப் பராமரிப்புக் கட்டணக் கணக்கு முழுவதும் அதில்தான். வேறு நகல் இல்லை. அன்றிரவு நான் தூங்கவில்லை.

காலையில்தான் புத்தி வந்தது. டிரைவர் கெட்டால் படம்தான் போகும், ஹார்ட் டிஸ்கில் இருப்பது போகாது. எந்தப் பென் டிரைவிலிருந்து மின்ட் போட்டோமோ, அதையே செருகி இயக்கினேன். ஹார்ட் டிஸ்கில் எதையும் பதிக்காமல், பென் டிரைவிலிருந்தே மின்ட் ஓடும். கோப்புகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. முதல் வேலையாக அவற்றை வேறொரு பென் டிரைவில் நகல் எடுத்தேன். பிறகு ரெக்கவரி மோடில் நுழைந்து நான் போட்ட டிரைவரை நீக்கி, மின்ட்டிலேயே இருக்கும் டிரைவர் மேனேஜர் வழியாகச் சரியானதைப் போட்டேன். வீடியோவும் ஓடியது.

இனி நீங்கள் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், டிரைவர் தேவைதானா என்று பாருங்கள். மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்பதைத் திறந்தால் கிராபிக்ஸ் என்ற பகுதியில் கார்டின் பெயர் இருக்கும். இன்டெல், ஏஎம்டி என்றால் பெரும்பாலும் நீங்கள் எதுவும் போட வேண்டாம். அவற்றின் டிரைவர்கள் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலோடு சேர்ந்தே வருகின்றன. என்விடியாவுக்கும் நூவோ என்ற பொது டிரைவர் கர்னலில் இருக்கிறது. கடிதம், கணக்கு, இணையம் பார்க்க அது போதும். வீடியோ திக்கினாலோ, பேரன் விளையாட்டு கேட்டாலோதான் என்விடியாவின் சொந்த டிரைவர் தேவைப்படும்.

இரண்டாவது, தொடுவதற்கு முன் நகல் எடுங்கள். மின்ட்டில் டைம்ஷிஃப்ட் என்று ஒன்று உண்டு. கணினியின் இன்றைய நிலையைப் பதிந்து வைத்து, பின்னால் அதே நிலைக்குத் திரும்ப உதவும். ஆனால் அது காப்பது சிஸ்டத்தை. உங்கள் சொந்தக் கோப்புகளை, நீங்களாகச் சொன்னால் ஒழிய, சேர்க்காது. ஆகவே புகைப்படம், கணக்கு இவற்றைத் தனியாகப் பென் டிரைவில் எடுத்து வையுங்கள்.

மூன்றாவது, அப்டேட் மேனேஜரில் நிலுவையில் உள்ளதை எல்லாம் முடித்து ஒரு தடவை மறுபடி இயக்குங்கள். பிறகு டிரைவர் மேனேஜரைத் திறங்கள். உபுண்டு வைத்திருப்பவர்களுக்கு அதன் பெயர் அடிஷனல் டிரைவர்ஸ். உங்கள் கார்டுக்குப் பொருந்தும் டிரைவர்களை அதுவே பட்டியலிடும். பரிந்துரை என்று குறித்திருப்பதைத் தேர்ந்தெடுத்து அழுத்துங்கள். புதியதுதான் நல்லது என்று நினைக்காதீர்கள். ஜிடி 710 போன்ற பழைய கார்டுக்கு 470 வரிசைதான் கடைசி. அதற்கு மேல் எண் உள்ளவை அந்தக் கார்டை அறியாது.

டிரைவர் மேனேஜர் வழியாகப் போட இன்னொரு காரணமும் உண்டு. கர்னல் அப்டேட் ஆகும்போது டிரைவரும் அதற்கேற்ப மாற வேண்டும். இந்த வழியில் போட்டால் அது தானாக நடக்கும். தளத்திலிருந்து நேரே இறக்கிப் போட்டால், ஏதோ ஒரு அப்டேட்டுக்குப் பிறகு திரை இருளக்கூடும்.

நான்காவது, செக்யூர் பூட். வங்கியில் காசோலை வந்தால் மாதிரிக் கையெழுத்து அட்டையோடு ஒப்பிட்டுத்தான் பாஸ் செய்வோம். செக்யூர் பூட்டும் அப்படித்தான். தனக்குத் தெரிந்த கையொப்பம் இல்லாத டிரைவரை உள்ளே விடாது. அதனால் டிரைவர் போடும்போதே ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லலாம். குறைந்தது 8 எழுத்தில் வைத்துத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மறுபடி இயக்கியதும் நீலத் திரை வரும். பயப்படாதீர்கள். 10 வினாடிக்குள் ஏதாவது ஒரு விசையை அழுத்தி, என்ரோல் என்பதைத் தேர்ந்தெடுத்து அந்தக் கடவுச்சொல்லை அடியுங்கள். புதுக் கையெழுத்தை அட்டையில் ஏற்றுவது மாதிரிதான் இது. அதைத் தவறவிட்டால் கணினி ஓடும், டிரைவர் வேலை செய்யாது. போட்ட டிரைவர் ஏன் வரவில்லை என்று என்னிடம் கேட்டவர்களில் இருவருக்கு இதுதான் காரணம்.

ஐந்தாவது, இவ்வளவுக்கும் பிறகு திரை இருண்டால் என்ன செய்வது? கணினி இயங்கத் தொடங்கும்போது எஸ்கேப் விசையை, மிகப் பழைய கணினி என்றால் ஷிஃப்ட் விசையைத் தட்டினால் ஒரு மெனு வரும். அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்பதற்குள் முந்தைய கர்னல் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அப்டேட்டால் வந்த கோளாறு என்றால் பெரும்பாலும் திரை வந்துவிடும். அதுவும் நடக்கவில்லையா, மின்ட் பென் டிரைவைச் செருகி இயக்கி, அதிலுள்ள டைம்ஷிஃப்ட் மூலம் பழைய நிலைக்குத் திரும்புங்கள். அதனால் மின்ட் போட்ட பென் டிரைவை அழித்துவிட்டுப் பாட்டு ஏற்றாதீர்கள். பீரோவில் இருக்கட்டும். அவசரப்பட்டு எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடச் சொல்லாதீர்கள். கோப்புகள் உண்மையாகவே போவது பெரும்பாலும் அப்போதுதான்.

கடைசியாக ஒன்று. அன்று பொருளாளர் அம்மாவிடம் நான் சின்ன ரிப்பேர் என்றது பொய். கணக்கு உங்கள் எல்லோருடையது. அதை வைத்து, நகல்கூட எடுக்காமல், யாரிடமும் கேட்காமல் சோதனை செய்தேன். பொதுக்குழு முடிந்ததும் அவரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. ஒரு நோட்டு வாங்கி வந்து கணினிக்குப் பக்கத்தில் வைத்தார். யார், எந்தத் தேதியில், என்ன மாற்றினார்கள், அதற்கு முன் நகல் எடுத்தார்களா என்று அதில் எழுத வேண்டும். முதல் பக்கத்தில் முதல் வரி என் கையெழுத்தில்தான் இருக்கிறது. அலுவலகத்துக்கு வந்தால் பாருங்கள்.

வீட்டில் லினக்ஸ் வைத்திருப்பவர்களும் அப்படி ஒரு நோட்டுப் போடுங்கள். டிரைவர் போடத் தயக்கமாக இருந்தால் கூப்பிடுங்கள், வருகிறேன். நகல் எடுத்துவிட்டீர்களா என்றுதான் முதலில் கேட்பேன்.