பதினெட்டு வயதோடு கதவு அடைபடக் கூடாது

(கொல்கத்தாவில் தமிழ்த் தோழர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாற்றுத்திறனாளிகளின் உரிமை என்றதும் சக்கர நாற்காலியும் சாய்தளமும் பிரெய்ல் எழுத்தும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அறிவுசார் குறைபாடும் கற்றல் குறைபாடும் உள்ள வளரிளம் பருவத்தினர் நமது கோரிக்கைப் பட்டியலில் பெரும்பாலும் இடம் பெறுவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். அவர்களுள் அறிவுசார் குறைபாடு உள்ளோர் சுமார் 15 லட்சம். மேற்கு வங்கத்தில் மட்டும் எல்லா வகை மாற்றுத்திறனாளிகளும் 20 லட்சத்துக்கு மேல் உள்ளனர்.

வங்க மண்ணுக்கு இத்துறையில் நீண்ட மரபு உண்டு. 1933இல் ஜார்கிராமில் போதனா நிகேதன் தொடங்கப்பட்டது. 1974இல் கொல்கத்தாவில் தோன்றிய அமைப்பே இன்று இந்தியப் பெருமூளை வாத நிறுவனமாக வளர்ந்துள்ளது. மனோவிகாஸ் கேந்திரா போன்ற நிலையங்கள் தொழிற்பயிற்சியும் அளிக்கின்றன. எனினும் தொண்டு நிறுவனங்களால் மட்டும் ஒரு மாநிலத்தின் தேவையை நிறைவு செய்ய இயலாது. அது அரசின் பொறுப்பு.

சட்டம் என்ன சொல்கிறது? 1995ஆம் ஆண்டுச் சட்டம் அரசு வேலையில் 3 விழுக்காடு ஒதுக்கியது. அதில் அறிவுசார் குறைபாடு உள்ளோருக்குப் பங்கில்லை. பல்லாண்டுப் போராட்டத்தின் பின் வந்த 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கீட்டை 4 விழுக்காடாக உயர்த்தி, அதில் ஒரு விழுக்காட்டை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் ஆகியவை உள்ளோருக்கும் பன்முகக் குறைபாடு உள்ளோருக்கும் சேர்த்து வழங்கியது. சந்தையுடன் நேரடித் தொடர்புள்ள தனித் திறன் பயிற்சி இவர்களுக்கு வேண்டும் என்று அதன் 19ஆவது பிரிவு கூறுகிறது. தனியார் துறைக்கோ கட்டாயம் ஏதுமில்லை. 5 விழுக்காட்டினரை அமர்த்துவோருக்கு ஊக்கச் சலுகை மட்டுமே உண்டு.

அதே சட்டத்தின் 31ஆவது பிரிவு இலவசக் கல்வியை 18 வயதுவரை உறுதி செய்கிறது. அதன் பிறகு? பள்ளி முடிகிறது, பிள்ளை வீட்டில் முடங்குகிறது. பிள்ளையைக் கவனிக்கத் தாய் வேலையை விடுகிறாள். கூலிக் குடும்பத்தின் இரண்டு வருமானம் ஒன்றாகிறது. ஆகவே இது இரக்கம் சார்ந்த பிரச்சனை அன்று, வர்க்கப் பிரச்சனை.

எனவே 14, 15 வயதிலேயே வேலையிட அனுபவம் தொடங்க வேண்டும். கல்லூரித் தெருப் புத்தகத் தொழிலை எண்ணிப் பாருங்கள். தாள் மடித்தல், படிவங்களை வரிசைப்படுத்துதல், கட்டுதல் என வேலை சிறு சிறு படிகளாகப் பிரிந்துள்ளது. ஒவ்வொரு படியையும் பொறுமையாகச் செய்துகாட்டி, உடனிருந்து உதவ ஒருவர் இருந்தால் இவ்விளைஞர்கள் கற்றுக்கொள்வார்கள். பேருந்தில் ஏறுவதும் நேரம் பார்ப்பதும் சக தொழிலாளியிடம் பேசுவதும் அப்பயிற்சியின் பகுதிகளே.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. பயிற்சி என்ற பெயரில் கூலியற்ற உழைப்பைப் பிழிவது முதலாளித்துவத்தின் பழைய வழக்கம். 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே, தன் 26ஆவது பிரிவில், ஊனமுற்ற தொழிலாளர்க்கு அச்சட்டம் பொருந்தாது என அரசு ஆணையிட இடமளித்தது. குறை உள்ளவனின் உழைப்புக்கு விலை குறைவு என்ற அந்தக் கருத்தை நாம் முறியடிக்க வேண்டும். பள்ளிக் காலப் பயிற்சிக்குக் கால வரம்பும் மேற்பார்வையும் வேண்டும். ஆபத்தான தொழில்கள் அறவே கூடாது. உற்பத்தியில் ஈடுபடுத்தினால் ஊதியம் கொடுத்தாக வேண்டும்.

1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் 14 வயது நிறைந்தோரைப் பழகுநராக ஏற்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள் பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். அந்த இடங்களில் இவர்களுக்குப் பங்கு வேண்டும். தேர்ச்சிச் சான்றிதழ் என்னும் தடை இவர்களுக்குத் தளர்த்தப்பட வேண்டும். உடனிருந்து பயிற்றுவோரின் ஊதியத்தை அரசு ஏற்க வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான தேசிய மேடையும், மேற்கு வங்கத்தில் பிரதிபந்தி சம்மிலனியும், தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சங்கமும் களத்தில் நிற்கின்றன. தொழிற்சங்கத் தோழர்கள் தங்கள் கோரிக்கை மனுவில் இதனையும் சேர்க்க வேண்டும். கூட்டுறவுச் சங்கங்களிலும் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும், நமது செல்வாக்கு உள்ள இடமெல்லாம், ஓரிரு பயிற்சி இடங்களை நாமே முதலில் திறந்துவிட வேண்டும். லேக் மார்க்கெட் பகுதியில் கடை நடத்தும் தமிழ்த் தோழர்களாலும் இது முடியும். பிறரிடம் கோருவதை நாம் செய்துகாட்டும்போதுதான் கோரிக்கைக்கு வலுச் சேரும்.