மூலையில் உட்கார வைக்காதீர்கள்!
(லிங்கி தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



சம்பளம், போனஸ், லயத்துக் கூரை என்று பேசி வந்த இந்த மேடையில், இன்று ஒரு நோயைப் பற்றிப் பேச உத்தரவு கேட்கிறேன்.

செக்ரோலில் ஒரு வாலிபனின் பெயர் நின்று போயிற்று. கிராணி என்ற முறையில் வீட்டுக்குப் போய் விசாரித்தேன். "வலிப்பு வருதுங்கய்யா, வெளியே விடப் பயமா இருக்கு" என்றார் தாய். எட்டு மாதம் மூலையிலே உட்கார்ந்து, உடல் பருத்து, முகம் களையிழந்து கிடந்தான் பிள்ளை. நோய் கெடுத்தது பாதி. நம் பயம் கெடுத்தது பாதி!

நாம் காக்காய் வலிப்பு என்கிறோம். மலாய்க்காரர்கள் ‘கீலா பாபி’, அதாவது பன்றிப் பைத்தியம் என்று சொல்லி வந்தார்கள்.  இது பேயுமல்ல, பைத்தியமுமல்ல, ஒட்டுவதுமல்ல. மூளையின் மின்னோட்டம் திடீரென ஒழுங்கு தவறுவதால் வருவது. உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு இருக்கிறது. தக்க சிகிச்சை கிடைத்தால் 100-க்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

உடலை அசைத்தால் வலிப்பு வரும் என்ற அச்சம் பெரும்பாலோருக்குப் பொருந்தாது. உடற்பயிற்சி நன்மையே செய்யும் என்று அனைத்துலக வலிப்பு நோய் எதிர்ப்புக் கழகத்தின் குழு 2016-ல் அறிக்கை தந்தது. சில மருந்துகள் எலும்பை மெலியச் செய்யும். நடை அதற்குப் பலம். தூக்கம் வரும், மனச் சோர்வு தணியும். தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் வீரர் ஜோன்டி ரோட்ஸ் வலிப்பு உள்ளவர்தான். 1992 உலகக் கோப்பையில் அவர் பாய்ந்து இன்சமாமை ரன் அவுட் செய்ததை யார் மறப்பார்?

ஆகவே டாக்டரைக் கேட்டுக்கொண்டு, வீட்டிலேயே தொடங்குங்கள். வெயில் ஏறுமுன் துணையோடு அரை மணி நடை. பாயில் படுத்துக் கைகால் நீட்டி மடக்குதல். முற்றம் பெருக்குதல், கீரைப் பாத்தி கொத்துதல்.

ஆனால் ஏணி வேண்டாம். தனியே ஆற்றில் இறங்க வேண்டாம். துணையின்றி அடுப்படியில் நிற்க வேண்டாம். குளிக்கும்போது கதவைத் தாழிடாமல், வாளித் தண்ணீரை மொண்டு ஊற்றுங்கள். மருந்தை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். தூக்கம் கெட்டாலும் வலிப்பு வரும். விடியுமுன் எழும் பால்வெட்டு வீடுகளில் முன்னிரவிலேயே படுக்கை விரியுங்கள்.

வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்காதீர்கள். வாயில் எதுவும் திணிக்காதீர்கள். அமுக்கிப் பிடிக்காமல், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

அந்த வாலிபன் இன்று காலைதோறும் தங்கையோடு கோயில் வரை நடந்து வருகிறான். அவனுக்கு வெட்டுக்கத்தியும் ஏணியும் இல்லாத வேலை தரும்படி நிர்வாகத்திடம் கேட்பது சங்கத்தின் கடமை. அவனைப் போன்றவர்களை மூலையிலிருந்து எழுப்புவது நம் ஒவ்வொருவரின் கடமை.