ஆறாம் வகுப்பில் தொடங்கும் கல்லூரி

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் நாளில்தான் கல்லூரிப் பேச்சு தொடங்க வேண்டும் என்று பல குடும்பங்கள் எண்ணுகின்றன. ஆனால் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு உயர்கல்வியில் கிடைக்கும் முக்கியமான உரிமைகள் பலவும், அந்த மாணவர் ஆறாம் வகுப்பில் எந்தப் பள்ளியில் படித்தார் என்ற கேள்வியிலிருந்தே தொடங்குகின்றன. கள்ளக்குறிச்சி மாவட்டத்து எலவனாசூர்கோட்டையிலும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும், மேற்கே கல்வராயன் மலையிலும் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய முதல் உண்மை இதுவே.

2019ஆம் ஆண்டு விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியில், கரும்பும் நெல்லும் மக்காச்சோளமும் விளையும் சமவெளியும், மலையாளிப் பழங்குடி மக்கள் மரவள்ளியும் சாமையும் பயிரிட்டு வாழும் கல்வராயன் மலையும் அருகருகே அமைந்துள்ளன. இரு பகுதிகளிலும் கல்லூரிப் படியை மிதித்த முதல் தலைமுறையினர் இன்றும் ஏராளம். வீட்டில் வழிகாட்ட அண்ணனோ அக்காவோ இல்லாத பிள்ளைக்கு விதிகளை எடுத்துச் சொல்வது பள்ளியின் கடமையாகவும் ஊரின் கடமையாகவும் ஆகிறது.

ஆறாம் வகுப்பில் தொடங்கும் உரிமைகளுள் முதலாவது 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர்களுக்கென மருத்துவப் படிப்பு இடங்களில் தனியே ஒதுக்கப்படும் இப்பங்கு 2020ஆம் ஆண்டு சட்டமாகி, 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய தொழிற்படிப்புகளுக்கும் விரிவாக்கப்பட்டது. இவ்வொதுக்கீட்டில் சேருவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இரண்டாவது, 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்ட புதுமைப்பெண் திட்டம். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் முன்பு திருமண உதவியாக இருந்த திட்டமே உயர்கல்வி உதவியாக மாற்றப்பட்டு, பட்டப்படிப்போ பட்டயப்படிப்போ தொழிற்பயிற்சியோ பயிலும் மாணவியின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் சேர்க்கிறது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. இவ்விரு திட்டங்களும் ஆறு முதல் பன்னிரண்டு வரையிலான படிப்பையே அடிப்படையாகக் கொள்கின்றன. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தோரும் இவற்றில் இடம்பெறுகின்றனர்.

எனவே, ஆறாம் வகுப்புக்குப் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்றி, ஒன்பதாம் வகுப்பில் கட்டணம் கட்ட இயலாமல் மீண்டும் அரசுப் பள்ளிக்கு அழைத்து வரும் குடும்பம், இடைப்பட்ட மூன்றாண்டுகளால் இவ்வுரிமைகளை இழக்க நேரிடும். கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளியில் 25 விழுக்காட்டு இடத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் தொடர்ந்தவர்களுக்கு மட்டும் 7.5 விழுக்காட்டுச் சட்டம் விலக்களிக்கிறது. கரும்பு வெட்டுக்கும், கேரளத்திலும் கர்நாடகத்திலும் உள்ள காப்பி, மிளகுத் தோட்ட வேலைக்கும் குடும்பத்தோடு செல்வோர் இதை இன்னும் கவனமாக எண்ணிப் பார்க்க வேண்டும். வேலைக்காலத்தில் பிள்ளையைப் பாட்டியின் வீட்டிலோ அரசு மாணவர் விடுதியிலோ விட்டுச் செல்வது பெற்றோருக்கு மனவேதனை தருவதே என்றாலும், பள்ளிப் பதிவேட்டில் அந்த ஆண்டு அறுந்துபோகாமல் காப்பதும் அதுவே.

பதிவேடு என்ற சொல்லை இந்த ஊர் நன்கு அறியும். எலவனாசூர்கோட்டையின் கிராமார்த்தநாதேசுவரர் கோயில் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் இன்றும் காணக் கிடைக்கின்றன. யார் எதற்கு உரியவர் என்பதை எழுத்தில் நிறுத்தினால்தான் அது தலைமுறை கடந்து நிற்கும் என்பதை அன்றைய ஊரார் உணர்ந்திருந்தனர். இன்றைய பிள்ளைக்கு அந்தக் கல்வெட்டு, பள்ளியின் எமிஸ் பதிவு ஆகும். எமிஸ் என்பது ஒவ்வொரு மாணவருக்கும் தனி எண் அளித்து, அவர் எந்த ஆண்டு எந்தப் பள்ளியில் எந்த வகுப்பில் படித்தார் என்பதைக் கணினியில் தொடர்ந்து குறித்து வைக்கும் கல்வித்துறையின் தகவல் முறையாகும்.

அப்பதிவில் உள்ள பெயரும், பிறப்புச் சான்றிதழ், ஆதார் அட்டை, வங்கிக் கணக்கு ஆகியவற்றில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பள்ளியில் ‘மு. கவிதா’ என்றும் ஆதாரில் ‘கவிதா முருகன்’ என்றும் வங்கியில் ‘கவீதா’ என்றும் இருந்தால் ஒரே சிறுமி மூன்று பேராகிவிடுவாள்; அவளுக்கு வரவேண்டிய பணம் மூவரில் யாருக்கும் வந்து சேராது. இப்பிழையை ஆறாம் வகுப்பில் திருத்துவது தலைமையாசிரியரிடம் ஒரு விண்ணப்பமும் இ-சேவை மையத்துக்கு ஒரு நடையும் என்ற அளவில் முடிந்துவிடும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் அச்சான பின்னரோ, அதே பிழை மாதக்கணக்கான அலைச்சலாக மாறும். சாதிச் சான்றிதழையும் இவ்வாறே முன்கூட்டிப் பெற வேண்டும். பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியர் அச்சான்றிதழை வழங்க, பழங்குடியினருக்கோ அதற்கு மேல்நிலையில் உள்ள வருவாய்க் கோட்டாட்சியரே விசாரித்து வழங்குகிறார். ஆகையால் கல்வராயன் மலைக் குடும்பங்கள் கல்லூரிச் சேர்க்கைக் கலந்தாய்வு நெருங்கும் வரை காத்திராமல், பிள்ளை நடுநிலைப் பள்ளியில் இருக்கும்போதே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

ஆவணங்களுக்கு அடுத்து வருவது படிப்பு. எட்டாம் வகுப்பு மாணவர்களுக்காக நடத்தப்படும் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வில் வெற்றி பெறுவோருக்கு ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வீதம் நான்காண்டுகளில் 48,000 ரூபாய் கிடைக்கிறது. தமிழ்நாட்டுக்கு ஆண்டுதோறும் 6,695 இடங்கள் உண்டு. அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ படிப்பவரும், பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை இலட்சம் ரூபாய்க்கு மிகாதவரும் இத்தேர்வை எழுதலாம். ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடும், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் 50 விழுக்காடும் பெற்றிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. “ஏழாம் வகுப்புதானே, எப்படியும் பாஸ் போட்டுவிடுவார்கள்” என்ற பேச்சு இங்கேதான் பிள்ளையின் வழியை அடைத்துவிடுகிறது.

இத்தேர்வு இரு தாள்களைக் கொண்டது. ஒன்று பாடங்களைச் சோதிக்கும் படிப்பறிவுத் தாள்; மற்றது வகுப்புப் பாடத்தில் இல்லாத, சிந்திக்கும் முறையைச் சோதிக்கும் மனத்திறன் தாள். ஒவ்வொன்றிலும் 90 கேள்விகள், 90 நிமிடங்கள். 3, 7, 15, 31 என்ற வரிசையில் அடுத்து வரும் எண் எது என்பது மனத்திறன் கேள்வியின் இயல்பைக் காட்டும். எண்களுக்கு இடையிலான வேறுபாடு 4, 8, 16 என இரட்டித்துக்கொண்டே போவதைக் கண்ட மாணவர், அடுத்த வேறுபாடு 32 என்றும் விடை 63 என்றும் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார். இத்தகைய கேள்வியை முன்பு பார்த்திராத மாணவரோ, அறிவில் குறைவில்லாதவராக இருந்தும் ஐந்து நிமிடங்களை அதிலேயே செலவிடுவார். ஆறாம் வகுப்பு முதல் நாளுக்கு ஐந்து கேள்விகள் என்று பழகுவது இந்த வேறுபாட்டை அழித்துவிடும். வெற்றி பெற்ற பின் ஒவ்வோர் ஆண்டும் உதவித்தொகையை இணையத்தில் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் பெற்றோர் நினைவில் கொள்ள வேண்டும்.

எட்டாம் வகுப்பில் வாய்ப்பைத் தவறவிட்டவருக்கும் வழிகள் உண்டு. ஊர்ப்புறப் பள்ளிகளின் ஒன்பதாம் வகுப்பினருக்கான ஊரகத் திறனாய்வுத் தேர்வில் மாவட்டத்துக்கு 50 மாணவரும் 50 மாணவியரும் தெரிவாகின்றனர். அரசுப் பள்ளி மாணவர்களுக்காக 2023இல் தொடங்கப்பட்ட முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வில் தெரிவாகும் 1,000 பேருக்குப் பட்டப்படிப்பு முடியும் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய் வழங்கப்படுகிறது.

எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் இவற்றில் என்ன செய்ய இயலும் என்று தயங்கத் தேவையில்லை. மகளின் கணக்கைத் திருத்தத் தெரியாத தாயும், இந்த விடை எப்படி வந்தது என்று அவளிடம் கேட்கலாம்; தாய்க்குப் புரியும்படி விளக்க முயலும்போதே மகள் அக்கணக்கை இரண்டாம் முறை கற்கிறாள். இரவு உணவுக்குப் பின் அரைமணி நேரம் கைப்பேசியையும் தொலைக்காட்சியையும் அணைத்துவிட்டுப் பாடநூலை உரக்கப் படிக்கச் செய்வதற்குப் படிப்பறிவு தேவையில்லை, உறுதி மட்டும் போதும். கள்ளக்குறிச்சிக்கு வேறு வேலையாகச் செல்லும் நாளில், சிறுவங்கூரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரியைப் பிள்ளைக்கு ஒருமுறை காட்டிவிட்டு வரலாம். 2022 சனவரியில் திறந்து வைக்கப்பட்ட அக்கல்லூரி தன் மாவட்டத்திலேயே இருப்பதைக் கண்ணால் கண்ட பிள்ளைக்குக் கல்லூரி என்பது எங்கோ சென்னையில் இருக்கும் பொருளாகத் தோன்றாது.

பெற்றோர் பெரும்பான்மையினராக அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் எலவனாசூர்கோட்டைப் பெற்றோர் மூன்று கேள்விகளை எழுப்ப வேண்டும்: ஆறாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகளின் பெயர் எல்லா ஆவணங்களிலும் ஒன்றாக உள்ளது, ஏழாம் வகுப்பில் எத்தனை பேர் 55 விழுக்காட்டைத் தொடும் நிலையில் உள்ளனர், எட்டாம் வகுப்பில் எத்தனை பேர் திறன் தேர்வுக்கு விண்ணப்பித்துள்ளனர். இம்மூன்றுக்கும் எண்ணால் விடை கிடைக்கும் வரை கேட்டுக்கொண்டே இருக்கும் ஊரில், பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வரும் நாள் பதற்றத்தின் நாளாக இராது; ஏழாண்டு உழைப்பின் அறுவடை நாளாகவே இருக்கும்.