நாற்பதுக்குப் பின் பல் வரிசை

பல் வரிசையைச் சீர்செய்வது பள்ளிப் பிள்ளைகளுக்குரிய காரியம் என்றே நம்மில் பலர் எண்ணிவந்திருக்கிறோம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். என் கீழ்வரிசை முன்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, இடுக்குகளில் உணவுத் துணுக்குகள் தங்கி, ஈற்றில் இரத்தம் கசியத் தொடங்கிய பிறகே, இதில் அழகுக்கு அப்பாலும் விஷயம் உண்டு என்பது விளங்கிற்று. தில்லியில் ஒரு மருத்துவர், ஆறு மாதம் போதும் என்றார். மற்றொருவர், இரண்டு ஆண்டுகள் ஆகலாம் என்றார். இருவர் கூற்றும் மெய்யே. அவர்கள் குறித்தவை இரு வேறு சிகிச்சைகள்.

பல் என்பது சுவரில் அறைந்த ஆணி அன்று. அதன் வேரைச் சுற்றி மெல்லிய நார்த்திசு அமைந்துள்ளது. கம்பியின் மூலம் இலேசான அழுத்தம் தொடர்ந்து கிடைக்குமாயின், அழுத்தம் படும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. எதிர்ப்பக்கத்தில் புதிய எலும்பு படிகிறது. இவ்வாறு பல் மாதம் ஒன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் நகரும். நடுவயதிலும் இது நிகழும். எனினும், தாடையின் வளர்ச்சி முடிந்துவிட்டபடியால், சிறுவர்களுக்குச் செய்வதுபோல் அவ்வளர்ச்சியை நெறிப்படுத்த இயலாது.

1899-இல் அமெரிக்க மருத்துவர் எட்வர்டு ஆங்கிள், கடிப்பின் கோளாறுகளை மூன்று வகையாகப் பிரித்தார். மேல், கீழ்க் கடைவாய்ப் பற்கள் எவ்வாறு பொருந்துகின்றன என்பதே அப்பாகுபாட்டின் அடிப்படை. குறுகிய காலச் சிகிச்சை அப்பொருத்தத்தைப் பெரும்பாலும் மாற்றுவதில்லை. முன்பற்களை மட்டும் நிரைப்படுத்துகிறது. இடம் போதாவிடில், பற்களுக்கிடையே எனாமலைச் சிறிது தேய்த்து இடம் உண்டாக்குவர். ஆகவே, கடிப்பு செம்மையாக இருந்து, நெருக்கம் சொற்பமாக உள்ளவர்க்கே இது தகும். கீழ்ப்பற்கள் அண்ணத்தில் இடிக்குமளவு ஆழ்ந்த கடிப்பு உடையவர், முன்வரிசையை மட்டும் நேராக்கிக்கொண்டால் மூலக் குறை அப்படியே எஞ்சிவிடும்.

இடமாற்றத்துக்கு உட்பட்ட உத்தியோகத்திலுள்ள நம்மவர்க்கு ஆறு மாதம் என்னும் சொல் இனிக்கத்தான் செய்யும். நடுவில் மாற்றல் உத்தரவு வந்தால், கம்பியோடு புதிய ஊருக்குச் சென்று, அறியாத மருத்துவரிடம் மீண்டும் தொடங்க வேண்டும். ஆயினும், காலம் குறைவு என்பதற்காக மட்டும் பொருந்தாத சிகிச்சையை ஏற்பது தகாது. நீண்ட சிகிச்சையே வேண்டியதாயின், எக்ஸ்-ரே படங்களையும் பல் அச்சுகளையும் சிகிச்சைக் குறிப்பையும் கேட்டு வாங்கி உடன் கொண்டு செல்லலாம்.

மருத்துவரை நேரில் காணாமல், அஞ்சலில் தகடு தருவித்து அணியும் முறையும் வெளிநாடுகளில் பரவியது. அமெரிக்காவில் அவ்வாறு விற்ற ஸ்மைல் டைரக்ட் கிளப் என்னும் பெரிய நிறுவனம் 2023 டிசம்பரில் மூடப்பட்டது. சிகிச்சையின் நடுவே இருந்தவர்கள் திகைத்து நின்றனர். ஈறு நோய் இருக்கையில் பல்லை நகர்த்தினால், வேரைத் தாங்கும் எலும்பு மேலும் தேயக்கூடும். அதைக் கண்ணால் கண்டு, படம் எடுத்து, ஆராய ஒருவர் வேண்டும். பல் சீரமைப்பில் முதுகலைப் பட்டம் என்பது, பல் மருத்துவப் பட்டத்துக்குப் பின் மூன்று ஆண்டுப் பயிற்சி. தில்லியில் மௌலானா ஆசாத் பல் மருத்துவக் கல்வி நிலையத்திலும், அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் பல் மருத்துவ மையத்திலும் இத்துறை உண்டு.

மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். என் கடிப்பு செம்மையாக உள்ளதா? இச்சிகிச்சை எதைத் திருத்தாமல் விடும்? முடிந்தபின் பற்களை எவ்வாறு நிலைநிறுத்துவீர்கள்? மூன்றாவது மிக முக்கியமானது. நகர்ந்த பல் பழைய இடத்தையே நாடும். சிகிச்சை குறுகியதானாலும், இரவில் அணியும் தாங்கியோ, பல்லின் பின்புறம் ஒட்டும் மெல்லிய கம்பியோ பல்லாண்டுகள் வேண்டியிருக்கும்.

என் கடிப்பு செம்மையாக இருந்ததால், முதலில் ஈற்றைக் குணப்படுத்திக்கொண்டு, பிறகு குறுகிய சிகிச்சையையே ஏற்றேன். கம்பி கழன்றுவிட்டது, தாங்கியை மட்டும் இன்றும் இரவுதோறும் அணிகிறேன்.