திருவுளச்சீட்டில் ஒரு வீடு

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது முன்னோர் மொழி. தேடுவோர் பலராகவும் வளைகள் சிலவாகவும் இருக்கும்போது முதலிடம் யாருக்கு? முந்தி வந்தவனுக்கா, செல்வாக்குடையவனுக்கா? சிங்கப்பூர் இதற்குக் கண்ட விடை நேயர்களின் சிந்தனைக்குரியது.

அந்நாட்டின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. மறு ஆண்டு மே மாதம் 25ஆம் நாள் புக்கிட் ஹோ சுவீ பகுதியில் மூண்ட தீ, ஏறத்தாழ 16,000 மக்களை வீடற்றவராக்கியது. அவ்விடத்திலேயே தொடர்மாடி வீடுகள் விரைந்து எழுந்தன. 1964இல் வீட்டுரிமைத் திட்டம் வந்தது. 1968இல் மத்திய சேம நிதியைக் கொண்டு வீடு வாங்கவும் வழி பிறந்தது.

முன்னாளில் பதிவு செய்தோர் வரிசையாகக் காத்திருந்தனர். 1997ஆம் ஆண்டின் ஆசியப் பொருளாதார நெருக்கடியில் அவ்வரிசை கலைந்தது. கட்டிய வீடுகள் ஆயிரக்கணக்கில் விலைபோகாது கிடந்தன. ஆகவே 2001இல், தேவையை முதலில் அறிந்து பின்னர் கட்டும் முறை புகுத்தப்பட்டது.

இன்று விண்ணப்பத்துக்குக் கட்டணம் 10 வெள்ளி. முதல் நாள் விண்ணப்பித்தவருக்கும் இறுதி நாள் விண்ணப்பித்தவருக்கும் வேறுபாடில்லை. கணினி திருவுளச்சீட்டெடுத்து வரிசை எண் வழங்குகிறது. முதன்முறை வாங்கும் குடும்பத்துக்கு இரண்டு சீட்டுகள். முன்னரே வீடு பெற்றவருக்கு ஒன்று. முறை வந்ததும் வீட்டைத் தெரிந்து முன்பணம் கட்டவேண்டும். நான்கறை வீட்டுக்கு அது 2,000 வெள்ளி. ஒப்பந்தத்துக்கு முன் மனம் மாறினால் அப்பணம் போய்விடும். வீடு 99 ஆண்டுக் குத்தகையில் கிடைக்கும்.

மணம் செய்ய எண்ணும் இருவர், வீட்டுக்கு விண்ணப்பிப்போமா என்று கேட்டாலே அது திருமணப் பேச்சு என அங்கே வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆனால் அவர்களின் சோதனை எண் கிடைத்த பின்னரே தொடங்குகிறது. 1989 முதல் ஒவ்வொரு கட்டடத்திலும் ஒவ்வோர் இனத்துக்கும் பங்கு வரையறுக்கப்பட்டிருப்பதால், வீடுகள் எஞ்சியிருந்தும் தம் இனப் பங்கு நிரம்பிவிட, தமிழ்க் குடும்பமொன்று வெறுங்கையோடு திரும்ப நேரலாம். எஞ்சியவை கீழ்த்தள வீடுகளே என்று வேண்டாமெனச் சொல்வதும் எளிதன்று. 2023 ஓகஸ்ட் முதல், அழைப்பு வந்தும் தெரிவு செய்யாத முதன்முறையாளர் ஓராண்டுக்குத் தம் முன்னுரிமையை இழக்கின்றனர். தெரிவுக்குப் பத்து வீடோ அதற்குக் குறைவாகவோ எஞ்சியிருந்தால் மட்டும் விலக்குண்டு.

ஆதலின் அறிவுடையோர் விண்ணப்பிக்குமுன்பே வருமானத்தையும் கடன் தகுதியையும் கணக்கிடுவர். எத்தளம், எத்திசை, எவ்விலை வரை தமக்கு ஏற்கும் என்று வீட்டாருடன் கூடி முடிவுசெய்வர். கூட்டம் பெருகும் இடத்தை விட்டுச் சற்று ஒதுங்கிய நகரை நாடுவோருக்கு வாய்ப்பும் மிகுதி.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் உத்திரமேரூர்ச் சபையினர் குடவோலை எடுத்து உறுப்பினரைத் தெரிந்தனர். ஓலைக்கு முகம் தெரியாது. அதுவே அதன் நீதி. ஆயினும் ஓலையில் பெயர் எழுதத் தகுதி வேண்டியிருந்தது. வீட்டுச் சீட்டும் அத்தகையதே. எண்ணைத் தருவது அதிர்ஷ்டம். அந்த எண்ணை வீடாக்குவது முன்னேற்பாடு.