ராப்பகலாய் ராப் எதற்கு?

நடுவர் அவர்களே, காஞ்சி மாநகரத்துப் பெருமக்களே!

எதிரணி நண்பர் சொன்னார்: "ராப் பாடுறவங்க மாசம் ஒரு பாட்டு வெளியிடணும்; இல்லேன்னா ஜனங்க மறந்துடுவாங்க." ஐயா, ராப் பாடலாம்; ராப்பகலா பாடணுமா? (கைதட்டல்)

இந்த ஊர்ல நின்னுகிட்டா இதைச் சொல்றீங்க? 1979-இல் தரிசனம் தந்த அத்திவரதர், அனந்தசரஸ் குளத்துக்குள்ளே போய், திரும்ப வந்தது 2019-இல். 40 வருஷம்! மறந்தோமா? 48 நாளும் ஊரே திணறிப்போச்சே! (சிரிப்பு)

"அவர் சாமி, நாங்க மனுஷங்க"ம்பீங்க. சரி, மலேசியாவின் யோகி பி - நட்சத்ரா குழு 'வல்லவன்' தொகுப்பை வெளியிட்டது 2006-இல். தமிழ் ராப்னு பேச்செடுத்தா இன்னைக்கும் அந்தப் பேர் வருது. அமெரிக்காவின் லாரின் ஹில் தனியாகத் தந்த ஸ்டுடியோ ஆல்பம் ஒண்ணே ஒண்ணு, 1998-இல். மறுவருஷம் ஒரே ராத்திரியில் 5 கிராமி விருதுகள்!

"அப்போ வயித்துக்கு?" நியாயமான கேள்வி. பதில் நம்ம நெசவாளர் வீட்டுல இருக்கு. கோர்வைச் சேலையில உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். ரெண்டையும் இழைக்கு இழை கோத்து நெய்ய நாள்கணக்காகும். அவருக்கும் வயிறு உண்டு. தினமும் தறியில உட்காருறார். ஆனா பாதிச் சேலையை அறுத்துக் கடைக்கு அனுப்புறதில்லையே! (பலத்த கைதட்டல்)

பாடுறவங்க தினமும் எழுதட்டும், மேடை ஏறட்டும். பாட்டு முழுசா முடிஞ்ச பிறகு வெளியே விடட்டும். அதுக்கு உரிய விலையைக் கொடுக்கவேண்டியது, கேட்கிற நாமதான்!